குளிசையைப் பாதியாய் முறிப்பது யார்?



எத்தாளைக் கரையில் வாழும் ஒரு தாயை உங்கள் மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் எதற்கு? அவள் நம் ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறாள். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. சீனி வருத்தமும் இரத்த அழுத்தமும் அவளுக்கு உண்டு. கணவன் கடற்றொழிலாளி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என விழுங்க வேண்டிய குளிசையை அவள் பாக்குவெட்டியால் இரண்டாக முறிக்கிறாள். பாதியை விழுங்கிவிட்டு, மறுபாதியைக் காகிதத்தில் மடித்துச் சுவாமி படத்தின் பின்னால் செருகி வைக்கிறாள். ஒரு மாத மருந்து இரண்டு மாதத்துக்கு வருகிறது. மிச்சம் பிடித்த பணத்தில் அரிசி வருகிறது, பிள்ளையின் கொப்பி வருகிறது. இதை அவள் கணவனிடம் சொல்வதில்லை. கிளினிக்கில் வைத்தியரிடமும் சொல்வதில்லை.

அவள் செய்வது சரியா?

இக்கேள்விக்கு நம்மிடையே இரண்டு விடைகள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. 'தாயின் தியாகம்' என்று சிலர் புகழ்வார்கள். 'அறியாமை, தன் உயிரைப் பேண வேண்டிய கடமையை மீறுகிறாள்' என்று வேறு சிலர் கடிந்துகொள்வார்கள். புகழ்ச்சியும் கண்டனமும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், ஒரு விடயத்தில் இரண்டும் ஒத்துப் போகின்றன. குளிசையை முறித்த கை அவளுடைய கை மட்டுமே என்று இரு சாராரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தப் பாக்குவெட்டியை வேறு கைகளும் சேர்ந்து பிடித்திருந்தனவா என்று எவரும் வினவுவதில்லை. அதை வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாட்பட்ட நோயும் நாட்பட்ட வாக்குறுதியும்

காய்ச்சல் வரும், போகும். எலும்பு முறிந்தால் பொருந்தும். சீனி வருத்தம், இரத்த அழுத்தம், இருதய நோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் ஆகியவை அப்படியானவை அல்ல. வந்தால் மனிதனோடு கடைசிவரை இருப்பவை. இவற்றுக்கு வைத்தியம் என்பது ஒரு நாளில் செய்து முடிக்கும் காரியமாக இருப்பதில்லை. நாளுக்கு நாள், மாதத்துக்கு மாதம், ஆண்டுக்கு ஆண்டு தொடர வேண்டிய கைங்கரியம் அது. ஒரு நாளைய செலவு சிறியது. ஆனால் அந்தச் சிறிய செலவுக்கு முடிவில்லை.

ஆகவே, நாட்பட்ட நோயாளிக்கு நடத்தப்படும் கிளினிக் என்பது உண்மையில் ஒரு வாக்குறுதி. 'அடுத்த மாதம் இதே கிழமை வாருங்கள், உங்கள் மருந்து இங்கே இருக்கும்' என்று நாடு தன் குடிமகனுக்குக் கொடுக்கும் வாக்குறுதி. இலங்கை அந்த வாக்குறுதியைப் பெருமையோடு கொடுத்த நாடு. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளின் கட்டணங்கள் நீக்கப்பட்டன. ஏழை நாடாக இருந்தும், செல்வந்த நாடுகள் வியக்கும் வகையில் தாய்மாரையும் சிசுக்களையும் காப்பாற்றிக் காட்டினோம். 2011 முதல், நாற்பது வயதைக் கடந்தவர்களின் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் முற்கூட்டியே சோதித்து அறிவதற்கென ஆரோக்கிய வாழ்வு நிலையங்களும் திறக்கப்பட்டன. ஏனெனில் இன்று நம் நாட்டில் நிகழும் ஐந்து மரணங்களில் நான்கு தொற்றா நோய்களாலேயே நிகழ்கின்றன.

எனினும் 'இலவசம்' என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இல்லாதபோது ஒரு துண்டில் எழுதித் தருகிறார்கள். 'வெளியே வாங்குங்கள்' என்கிறார்கள். இரத்தப் பரிசோதனையையும் வெளியே செய்யச் சொல்கிறார்கள். கிளினிக்குக்குப் போக பஸ் செலவு உண்டு. அன்றைய தொழிலும் போய்விடும். இப்படியாக, இந்நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களின் சட்டைப்பையிலிருந்தும் முந்தானை முடிச்சிலிருந்துமே வருகிறது. வாக்குறுதியின் பாதியை ஏற்கெனவே நோயாளியே சுமந்துகொண்டிருந்தார். அப்படிப்பட்ட வேளையில்தான் பெருந்தொற்று வந்தது.

பெருந்தொற்று வந்தபோது

2020 மார்ச் 11ஆம் திகதி உலகச் சுகாதார நிறுவனம் கொவிட் நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. ஒரு வாரம் கழிந்து, மார்ச் 18ஆம் திகதி, புத்தளத்தில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 20ஆம் திகதி மாலையில் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. வீதிகள் வெறிச்சோடின. கிளினிக் கொப்பியோடு பஸ்ஸுக்குக் காத்துநின்ற முதியவர்கள் வீட்டுக்குள் அடைபட்டார்கள்.

அந்நாட்களில் நடந்த ஒரு நற்காரியத்தை நன்றியோடு நினைவுகூர வேண்டும். வைத்தியசாலைகள் கிளினிக் நோயாளரின் மருந்துகளைப் பொதி செய்தன. தபால் ஊழியர்கள் அவற்றை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார்கள். கடிதம் எழுதுவோர் அருகிவிட்ட காலத்தில், தபால்காரரின் சைக்கிள் மணி உயிர் காக்கும் மணியாக ஒலித்தது. பெரிய இயந்திரமோ புதிய கட்டடமோ இதற்குத் தேவைப்படவில்லை. நோயாளியை மறந்துவிடக் கூடாது என்ற எண்ணம் இருந்தது; வழி தானாகப் பிறந்தது.

ஆனால் உலகமெங்கும் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 2020 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் 155 நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. 53 வீதமான நாடுகளில் இரத்த அழுத்தச் சிகிச்சையும், 49 வீதமான நாடுகளில் நீரிழிவுச் சிகிச்சையும், 42 வீதமான நாடுகளில் புற்றுநோய்ச் சிகிச்சையும் பகுதியாகவோ முழுமையாகவோ தடைப்பட்டிருந்தன. தொற்றா நோய்ப் பிரிவுகளில் பணியாற்றிய ஊழியர்களில் ஒரு பகுதியினரையோ அனைவரையுமோ கொவிட் பணிக்கு மாற்றிவிட்ட நாடுகள் 94 வீதம்! ஆட்கள் எங்கே போனார்களோ அங்கேதான் பணமும் போயிற்று. உலக வங்கி 2020 ஏப்ரலில் இலங்கைக்கு 12 கோடி 86 இலட்சம் டொலரைக் கொவிட் அவசரப் பணிக்கென்றே ஒதுக்கியது. நம் நாட்டிலும் 'இடுகம' என்ற பெயரில் கொவிட் நிதியம் ஒன்று தொடங்கப்பட்டு, மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள். கொடுத்ததில் குற்றமில்லை. ஆயினும் பிரஷர் குளிசைக்கென்று உண்டியல் வைத்தவர் எவரேனும் உண்டா?

இதற்கிடையில் வீட்டுக்குள் வருமானம் வற்றியது. 2020 அக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று பரவி, அச்சந்தை மூடப்பட்டது. மீன் உண்டால் நோய் வரும் என்ற வீண் பயம் நாடெங்கும் பரவிற்று. அப்பயத்தைப் போக்க, முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. கடலில் மீன் இருந்தது, வலையில் மீன் இருந்தது, வாங்க ஆளில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் கரையோர வீடுகளில் இதன் பொருள் என்னவென்று இவ்வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

தொற்றுக்குப் பின்னால் வந்த கடன்

தொற்று தணிந்தது; அதன் கணக்கு பின்னால் வந்தது. 2019 இறுதியில் வரிகள் குறைக்கப்பட்டிருந்தன. 2020இல் உல்லாசப் பயணிகளின் வருகை நின்றுபோயிற்று. டொலர் வரத்துச் சுருங்கியது. நாம் பாவிக்கும் மருந்துகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட பங்கு கடல் கடந்து வருபவை. டொலர் இல்லையேல் மருந்தும் இல்லை. 2022 மார்ச் மாத இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலை வழமையான சத்திர சிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலவில்லை என்று நாடு அறிவித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேறி வந்தன. உலக வங்கியும் வேறு திட்டங்களுக்கென வைத்திருந்த நிதியில் ஒரு பங்கை மருந்துக்காகத் திருப்பிவிட்டது.

விலையைப் பாருங்கள். 2022 மார்ச்சில் மருந்து விலை 29 வீதம் உயர அனுமதிக்கப்பட்டது. ஏப்ரல் இறுதியில் அறுபது மருந்துகளின் விலை மேலும் 40 வீதம் உயர்ந்தது. இரண்டு உயர்வும் ஒரே மருந்தின் மீது விழுந்தால், 100 ரூபாய்க்கு வாங்கியது 180 ரூபாயைத் தாண்டிவிடும். மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை நீடித்தது. இன்சுலின் குப்பியைக் குளிரூட்டியில் வைத்திருந்தோர், நம் பாட்டிமார் தண்ணீர் வைத்த மண்பானையையும் ஈர மணலையும் நாட வேண்டியதாயிற்று. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. வள்ளத்துக்கு இருபது லீற்றர் அடித்தால் முன்னர் 1,740 ரூபாய். அந்த உயர்வுக்குப் பின் 6,800 ரூபாய். ஒரு நாள் கடலுக்குப் போவதா, ஒரு மாத மருந்து வாங்குவதா என்ற கேள்வி கரையோரக் குடும்பங்களின் முன் நின்றது.

நாம் முதலில் கண்ட தாய் பாக்குவெட்டியை எடுத்தது இந்த வேளையில்தான். இப்போது சொல்லுங்கள்: அந்தக் குளிசையை முறித்தவர்கள் எத்தனை பேர்?

சத்தமிடாதவர்களின் முறை

'ஆபத்து வேளையில் ஆபத்தைத்தானே முதலில் கவனிக்க வேண்டும்? மூச்சுத் திணறுகிறவனை விட்டுவிட்டு, பிரஷர்காரரின் மருந்தையா பார்ப்பது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பணம் பங்கிட்ட அதிகாரிகள் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பலர் தூக்கமின்றி உழைத்தார்கள். அவசரத்துக்கு முதலிடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் முதலிடம் என்பதன் எல்லை எது? பாலாவி வீதியில் அம்புலன்ஸ் வண்டி ஒலியெழுப்பி வருகிறது. மற்ற வாகனங்கள் ஓரம்கட்டி வழிவிடுகின்றன. அது முறை. அம்புலன்ஸ் போன பின்பும் மற்ற வாகனங்களை வீதியில் ஏறவிடாமல் மறிப்பது எந்த முறை? அவசரம் மற்றவர்களைச் சற்று நிறுத்தலாம். அவர்களுடைய வழியையே பறிக்கலாகாது.

நாட்பட்ட நோயாளியிடமிருந்தே முதலில் பறிக்கப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் சத்தமிடுவதில்லை. தொற்று நோயால் இறப்பவர் இன்று இறக்கிறார். இரவுச் செய்தியில் எண்ணிக்கை வருகிறது. குளிசை குறைந்ததால் பாரிசவாதம் வந்து விழுபவர் ஓராண்டு கழித்தோ ஐந்தாண்டு கழித்தோ விழுகிறார். அவர் இறந்தால் 'பாவம், வருத்தக்காரர்' என்று சொல்லி மண் போட்டுவிடுகிறோம். எந்த வரவுசெலவுத் திட்டம் அவரைக் கொன்றது என்று எந்த அறிக்கையும் எழுதுவதில்லை. எண்ணப்படாத மரணம் மலிவான மரணம். செலவைக் குறைக்க வேண்டிய அரசாங்கம் எதுவாயினும், கை முதலில் நீளுவது அந்தத் திசையில்தான்.

இவ்விடத்தில் நற்செய்தியின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் பன்னிரண்டு வயது மகள் மரணப்படுக்கையில் கிடக்கிறாள். ஆண்டவர் விரைந்து செல்கிறார். இதைவிட அவசரம் வேறு உண்டா? வழியில் கூட்டத்துக்குள் ஒரு பெண். அவளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நோய். வைத்தியர்களுக்கே கைப்பொருள் முழுவதையும் செலவழித்துவிட்டாள். அவள் குரலெழுப்பவில்லை; பின்னால் வந்து ஆடையின் விளிம்பைத் தொடுகிறாள். ஆண்டவர் நிற்கிறார். அவசரப் பயணத்தை நிறுத்தி, தொட்டவர் யார் என்று கேட்டு, கூட்டத்தின் நடுவே அவளைப் பேச வைக்கிறார். பின்னரே சிறுமியின் வீட்டுக்குப் போகிறார். அவருக்கிருந்த வல்லமை நம் அமைச்சுகளுக்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் நின்று, 'என்னைத் தொட்டவர் யார்?' என்று கேட்க வல்லமை தேவையில்லை. கவனம் போதும்.

கடமை எது, கடமைக்கு அப்பாற்பட்டது எது?

இனி அந்தத் தாயின் மனச்சாட்சிக்கு வருவோம். அவள் பாவம் செய்கிறாளா?

நமது அறநெறி இறையியல் இக்கேள்வியை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வந்துள்ளது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானிய நாட்டின் சலமான்காவில் போதித்த தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, உயிரைப் பேணுவது மனிதனின் கடமை என்று கூறிய அதே வேளையில், அக்கடமைக்கு ஓர் எல்லையையும் வகுத்தார். தன் பிழைப்புக்கான உடைமை முழுவதையும் கொடுத்துத்தான் ஒரு மருந்தைப் பெறலாம் என்றால், அதைப் பெற ஒருவன் கடமைப்பட்டவன் அல்லன் என்பது அவருடைய போதனை. அவருக்குப் பின் வந்த தொமிங்கோ பான்யேஸ் 1595இல் இதைச் 'சாதாரண வழிகள்', 'அசாதாரண வழிகள்' என்று பெயரிட்டுப் பிரித்தார். 1957 நவம்பர் 24ஆம் திகதி, மயக்க மருந்து வைத்தியர்களுக்கு உரையாற்றிய பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், ஆள், இடம், காலம், பண்பாடு ஆகியவற்றைப் பொறுத்து, தனக்கோ பிறருக்கோ பாரதூரமான சுமையாக அமையாத வழிகளையே ஒருவர் பின்பற்றக் கடமைப்பட்டவர் என்று விளக்கினார்.

இப்போதனையின்படி தீர்ப்பு என்ன? பிள்ளையின் சோற்றை நிறுத்தித்தான் குளிசை வாங்கலாம் என்ற நிலைக்கு உண்மையாகவே தள்ளப்பட்டவள், அதை வாங்காததால் பாவியாகிவிடுவதில்லை. அவளைக் கடிந்துகொள்பவர்கள் தங்கள் வாயை மூடிக்கொள்ளட்டும். ஏழையின் மனச்சாட்சியின் மீது ஏழ்மையின் பழியையும் சுமத்துவது கொடுமை.

ஆனால் இங்கே நின்றுவிடக் கூடாது. நன்கு கவனியுங்கள். 'அசாதாரணம்' என்பது குளிசையின் குணம் அன்று. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் அன்றாடக் குளிசைகள் மிகப் பழையவை, எளியவை. உலகெங்கும் மலிவாகச் செய்யப்படுபவை. இன்சுலினை 1921இல் தொரன்ரோ நகரில் கண்டறிந்தோர், அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கே கொடுத்துவிட்டார்கள். கொழும்பின் வசதியான வீடொன்றில் இம்மருந்துகள் சாதாரண வழி. 2022இல் ஒரு மீனவ வீட்டில் அதே குளிசை அசாதாரண வழியாகிவிட்டது. நோய் மாறவில்லை, மருந்து மாறவில்லை. இடையில் மாறியது விலையும் வருமானமும் மட்டுமே. விலையும் வருமானமும் மழை போல வானத்திலிருந்து விழுவதில்லை. மனிதர்களின் தீர்மானங்களிலிருந்து பிறக்கின்றன.

ஆகவே தாயை நாம் குற்றத்திலிருந்து விடுவிக்கும்போது குற்றம் காற்றில் கரைந்துவிடுவதில்லை. அது இடம் மாறுகிறது. சாதாரண மருந்தை அவளுக்கு அசாதாரணமாக்கிய ஒவ்வொரு கையையும் தேடிச் செல்கிறது. அந்தக் கைகளில் நம் கையும் உண்டா என்று பார்ப்பது நமது கடமை.

'தியாகம்' என்று புகழ்வோருக்கும் ஒரு வார்த்தை. தியாகம் எனப்படுவது சுயாதீனமாகச் செய்யப்படுவது. அதனால் ஒரு நன்மையும் விளைய வேண்டும். வேறு வழியே இல்லாதவளின் செயலில் சுயாதீனம் எங்கே? நன்மைதான் எங்கே? பாதிக் குளிசையால் நோய் பாதியாவதில்லை. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட குளிசைகளை முறித்தால் மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கி ஆபத்தும் விளையலாம். சில ஆண்டுகளில் கண் மங்குகிறது. காலைக் கழற்ற வேண்டி வருகிறது. சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் இரண்டு மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்க அலைய வேண்டி வருகிறது. எந்தப் பிள்ளையின் கொப்பிக்காகக் குளிசையை முறித்தாளோ, அந்தப் பிள்ளையே பள்ளியை விட்டு நின்று தாயைப் பார்க்கிறது. இன்று மிச்சம் பிடித்த நூறு, நாளை ஆயிரமாகத் திரும்பிக் கேட்கிறது. இந்தக் கணக்கு குடும்பத்துக்கு மட்டுமா? நாட்டின் திறைசேரிக்கும் இதே கணக்குத்தான்.

ஆளுக்கொரு கடமை

அரசாங்கத்தின் கடமை முதலாவது. 1971இல் பேராசிரியர் சேனக பிபிலே அவர்களின் முயற்சியால் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தோன்றியது. அத்தியாவசிய மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரால், உலகக் கேள்வி மனுக்கோரலின் மூலம், மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்குவது அவர் காட்டிய வழி. வறிய நாடும் தன் மக்களுக்கு நல்ல மருந்து கொடுக்கலாம் என்று உலகுக்கே அது எடுத்துக்காட்டாயிற்று. அவசரம் எதுவாயினும் தொடக்கூடாத ஒரு சிறு மருந்துப் பட்டியலும், அதற்கென்றே ஒதுக்கிய பணமும் இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மருந்து இல்லையென்றால் இல்லையென்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று கேட்கவும் உரிமை உண்டு.

வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியே வாங்கும்படி துண்டில் எழுதும்போது பொதுப் பெயரில் எழுதுங்கள். 'இதை வாங்க முடியுமா?' என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அரை நிமிடம் போதும். அதே வேலையைச் செய்யும் மலிவான மருந்து பல வேளைகளில் உண்டு.

நோயாளிக்கும் கடமை உண்டு. மறைக்காதீர்கள், அம்மா. குளிசையை முறித்ததை வைத்தியரிடம் சொல்லாவிட்டால், 'இந்த அளவு போதவில்லை' என்று நினைத்து அவர் மருந்தைக் கூட்டுவார். பிறகு முழுக் குளிசை கிடைக்கும் மாதத்தில் அதுவே உங்களை வீழ்த்தும். கஷ்டத்தைச் சொல்வது பிச்சை கேட்பது ஆகாது.

இறுதியாக, நம் ஊருக்கு வருவோம். நமது கரையோரக் கிராமங்களில் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. மாதச் சந்தா கட்டுகிறோம். ஒருவர் இறந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் கோப்பிக்கும் பணம் ஆயத்தமாக இருக்கிறது. மெச்சத் தக்க வழக்கம். இறந்தவரைக் கௌரவமாக அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று. ஆனால் நோயாளரைச் சந்திப்பதும் அந்த இரக்கச் செயல்களில் ஒன்றல்லவா? பெட்டிக்குப் பணம் சேர்க்கத் தெரிந்த ஊருக்கு, அந்தப் பெட்டியைப் பத்தாண்டு தள்ளிப்போடும் குளிசைக்குப் பணம் சேர்க்கத் தெரியாதா? அதே சங்கத்தில், அதே கொப்பியில், மருந்துக்கென ஒரு பக்கம் திறந்தால் போதும். திருநாள் வாணவேடிக்கையில் ஒரு பங்கைக் குறைத்தால் முதல் தொகை கிடைத்துவிடும். நமது குடாநாட்டில் கத்தோலிக்கரும் முஸ்லிம் சகோதரரும் ஒரே கடலை நம்பி வாழ்கிறோம். ஒரே கிளினிக் வாங்கில் அருகருகே காத்திருக்கிறோம். அந்தப் பக்கத்தில் எல்லாருடைய பெயருக்கும் இடம் இருக்கட்டும். ஊர் நிதி அரசாங்கத்தின் கடமைக்கு ஈடாகாது. அதை மறந்துவிடாமலும் இருப்போம். அரசாங்கம் தன் வாக்கைத் தவறவிடும் மாதத்தில் ஒருவரும் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும் கை அது.

கொவிட் உலக அவசரநிலை முடிந்துவிட்டதாக 2023 மே 5ஆம் திகதி அறிவிக்கப்பட்டது. சீனிக்கும் பிரஷருக்கும் அப்படி ஒரு முடிவுத் திகதி கிடையாது. அடுத்த பெருந்தொற்றோ அடுத்த நெருக்கடியோ வரும்போது, பணம் மீண்டும் சத்தம் கேட்கும் திசைக்கே ஓடும். சத்தமிடாதவர்களுக்காக இப்போதே பேசி வைப்பதுதான் விவேகம்.

அதுவரை, வாசகர்களே, இன்றிரவு ஒரு சிறு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். அடுத்த கிளினிக் எப்போது, கைவசம் குளிசை எத்தனை என்று எண்ணுங்கள். கணக்கில் குறைந்தால் வாங்கிக் கொடுங்கள். கணக்குக்கு மேல் மிஞ்சியிருந்தால், சிக்கனம் என்று மகிழ்ந்துவிடாமல், அருகில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள்.